காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி: ஒரு மதிப்புரை

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ராமேசுவரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, இங்குள்ள மீனவர்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவின் கரையோரச் சிற்றூர்களில் இறங்கி நிற்பவர்கள் குறைவு. அவற்றுள் ஒன்றான காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரி, இந்தக் கடற்கரையில் நான் மனநிறைவோடு பிறருக்குச் சொல்லக்கூடிய சேவை.

திருவாடானை வட்டத்தைச் சேர்ந்த சிறிய மீனவ ஊர் இது. உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயிலைக் கடந்து தொண்டியை நோக்கிச் செல்லும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கிளைச்சாலையில் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். மாதா கோயில், கரையில் உலரும் நண்டு வலைகள், வரிசையாகக் கட்டிய நாட்டுப்படகுகள் என ஊரைச் சுற்றிவர அதிக நேரம் ஆகாது. பேருந்தை நம்பி வருபவர்கள் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. சொந்த வண்டியோ ஆட்டோவோ இருந்தால் கவலை இல்லை.

பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகில் ஏறியதும் ஓடை மெல்லக் குறுகி, இருபுறமும் கண்டல் மரங்கள் நெருங்கி வருகின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றில் ஆணி அடித்து வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கின்றன. காற்றே புகாத சேற்றில் அடிவேர் மூச்சுமுட்டிப் போகாமலிருக்க மேலே வந்து காற்றை வாங்கும் வேர்கள் அவை என்பதைப் படகில் வந்த ஊர்க்காரர் விளக்கினார். பிறகு ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, நாக்கில் தொட்டுப் பாருங்கள் என்றார். இலையில் படிந்திருந்த நுண்ணிய உப்புத் துகள் சுள்ளென்று கரித்தது. உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது. அதையும் தாண்டி உள்ளே வந்ததை இந்த மரம் இலையின் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் பல பக்கங்கள் படித்தாலும் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவாகப் பதியாது.

இந்தச் சேவையின் உண்மையான பலம் இந்த ஊர்க்காரர்களே. வேர்களுக்கிடையில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வதையும், அவை பெருத்துக் கடலுக்குள் போன பிறகுதான் தங்கள் வலையில் விழுகின்றன என்பதையும் அவர்கள் சொல்லும்போது, அது வயிற்றுப்பாட்டிலிருந்து வரும் பேச்சாக இருக்கிறது. காட்டை வெட்டினால் நாளைக்கு வலையில் என்ன விழும் என்று எங்களோடு வந்த ஊர்க்காரர் கேட்ட கேள்விக்குப் படகில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. கடலடியில் படர்ந்திருக்கும் கடற்புல்லையும், அதை மேய வரும் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் பற்றிக் கேட்டால் இன்னும் உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஆகவே படகில் ஏறியவர்கள் செல்பேசியிலேயே மூழ்காமல், வாய்விட்டுக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பறவைகளைப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். வாடைக்காற்று வீசும் அந்த மாதங்களில் வடகடல் கொந்தளிப்பாக இருந்தாலும் ஓடைக்குள் அலை அடங்கியே இருக்கும். ஆனால் புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் பயணத்தைத் தள்ளிவைத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் போவது வீண்; தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச்செய்யும், கொக்கும் நீர்க்காகமும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குள் படகேறுவது உத்தமம். ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஒரு படகின் இரைச்சலில் ஓடை முழுவதும் இருக்கும் பறவைகள் எழுந்து போய்விடுகின்றன; பின்னால் வருபவர்களுக்கு வெறும் மரங்களே மிஞ்சுகின்றன.

சாப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டு, இறால், கணவாய் எல்லாம் அன்றன்று கரைக்கு வந்தவை. நண்டை ஓட்டோடு உடைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த சாறு, மசாலாப் பொடியின் நெடி இல்லாமல் நண்டின் இனிப்பை அப்படியே நாக்கில் நிறுத்துகிறது. பெரிய உணவகங்களில் சிவப்பு நிறம் ஏற்றிக் கொடுக்கும் வறுவலுக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் சாதுவாகத் தோன்றலாம். எனக்கு இதுவே சரியான பக்குவம்.

கடலில் இறங்கிக் குளித்து விளையாட விரும்பும் குடும்பங்களுக்கு இந்த இடம் பொருந்தாது. கரை முழுவதும் சேறு. அவர்கள் அரியமான் கடற்கரைக்குப் போகலாம். பிச்சாவரத்தின் பரப்பையும் கூட்டத்தையும் எதிர்பார்த்து வருபவர்களும் ஏமாறுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கும், பறவை பார்ப்பவர்களுக்கும், ஒரு மீனவ ஊரை அதன் மக்களின் வாய்ச்சொல்லாலேயே அறிய விரும்புபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். படகேறும் முன்பே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். ஆள் கணக்குத் தெரிந்த பிறகுதான் உலை வைப்பார்கள்.