42,000 ரூபாய்க்கு ஒரு செல்லாத விவாகரத்து: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மதியம் சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வைத்துத்தான் தெரிந்தது, என் பெயரில் எந்த வழக்கும் தாக்கலே ஆகவில்லை என்று. "ஃபைலிங் முடிஞ்சாச்சு, நம்பர் வரணும்" என்று சொல்லிச் சொல்லியே என்னிடம் வாங்கிய தொகை 42,000 ரூபாய். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விவாகரத்துக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. ஆன்லைனில் சட்ட உதவி செய்கிறோம் என்று விளம்பரம் போடும் வகையறா. "இருவர் சம்மதத்துடன் விவாகரத்து, 30 நாளில், கோர்ட் அலைச்சல் இல்லை." நானும் கணவரும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சண்டை போட்டு ஓய்ந்து, சரி, மரியாதையாகப் பிரிந்துவிடலாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்திருந்த நேரம். பையனுக்கு நான்கு வயது, என்னோடு அம்மா வீட்டில் இருக்கிறான்.

போனில் பேசியவன் சாதாரண ஆள் இல்லை. ஆறு மாதம் காத்திருக்கணுமாமே என்று கேட்டதும், "இந்து திருமணச் சட்டம் 13பி-யில அப்படித்தான் இருக்கு மேடம். ஆனா 2017-லயே சுப்ரீம் கோர்ட் அது கட்டாயமில்லைன்னு சொல்லியாச்சு" என்றான். வீட்டுக்கு வந்து தேடினேன். உண்மையாகவே அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது. அங்கேதான் நம்பினேன். அவன் சொல்லாமல் விட்ட பாதி நேற்றுத்தான் தெரிந்தது. முதலில் மனு தாக்கலாக வேண்டும், அதற்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். அப்போதும் ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்வது நீதிபதியின் முடிவு. போனில் எவனும் தள்ளுபடி செய்ய முடியாது.

இன்னொன்றும் சொன்னான். "அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை பொதுவா அம்மாகிட்டதான் மேடம், கவலையே படாதீங்க, நான் எழுதி வெச்சிடறேன்." ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே பதிவுக் கட்டணம் 5,000 அனுப்பினேன். அப்புறம் தாக்கல் கட்டணம் என்று 22,000. சீக்கிரம் முடிக்க என்று இன்னொரு 15,000. என் சங்கிலி அடகுக்குப் போனது இந்தக் கடைசித் தொகைக்காகத்தான். பணம் போன கணக்கு நிறுவனத்தின் பெயரில்கூட இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில்.

கூரியரில் ஒரு முத்திரைத்தாள் வந்தது. அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம், நோட்டரி சீல் குத்தித் திரும்பி வந்தது. "இதுதான் உங்க ஒப்பந்தம், கோர்ட் ஆர்டர் பின்னாடியே வரும்" என்றார்கள். அதன் பிறகு ஆரம்பித்தது நாடகம். சார் கோர்ட்டில் இருக்கிறார். சார் மீட்டிங்கில் இருக்கிறார். கோடை விடுமுறை மேடம். சர்வர் வேலை செய்யவில்லை. மேடம் என்று கூப்பிட்டவன் நடுவில் அக்கா என்றான், கடைசியில் "ஏம்மா, ஒரே கேள்வியை எத்தனை தடவை கேப்பீங்க" என்கிறான். 42,000 ரூபாய் வாங்கியவன் பேசுகிற பேச்சு இது.

இதற்கிடையில் கணவர் பையனுக்காக மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்றது. கேட்டால் அந்த முத்திரைத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். மூன்றாம் பக்கத்தில், பத்து வரி நீள வாக்கியத்தின் வாலில், எனக்கும் குழந்தைக்கும் எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று இருக்கிறது. நான் சொல்லாத வார்த்தை அது. அவர் வீட்டில் பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்களாம்!

பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல்தான் நேற்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வக்காலத்துல கையெழுத்து வாங்கினாங்களா?" நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள் அது. வாங்கவே இல்லை. நோட்டரி சீல் குத்தினால் விவாகரத்து ஆகாது, குடும்ப நல நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும் என்றார். சட்டப்படி நான் இன்னும் அவர் மனைவிதான், அவர் இப்போது இன்னொரு கல்யாணம் செய்தால் அது குற்றம். குழந்தைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுத்து எழுத எனக்கே உரிமை இல்லையாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு முன்பு 125 என்று சொல்வார்களே, அந்தப் பிரிவு 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144. அதன் கீழ் ஜீவனாம்ச மனு போடுகிறோம். இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்காம். அப்படியானால் அந்த ஆட்கள் என்னை இழுத்தடித்த ஒவ்வொரு மாதமும் என் பையனுக்கு நஷ்டம்.

வயிறு எரிந்தது எதற்குத் தெரியுமா? பெண்களுக்கு இந்த ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், வருமான வரம்பே கிடையாது. 42,000 ரூபாய்!

வெளியே வந்ததும் போன் போட்டு, வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுப்பேன் என்றேன். சிரிக்கிறான். "நாங்க வக்கீலே இல்லம்மா, கன்சல்டன்சி." வக்கீல்கள் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கக் கூடாது, அதனால் இந்த வேஷம். சரி, வக்கீல் மேல்தான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024-ல் தீர்ப்பு வந்தது. வக்கீல் இல்லை என்று அவனே சொல்லிவிட்டானே, அந்த ஆணையத்திலேயே பார்த்துக்கொள்கிறேன். பணம் அனுப்பிய விவரம் முழுக்க இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பையனை அழைத்துவர நேரமாகிவிட்டது. வழக்குப் போட்டாச்சு என்று யாராவது சொன்னால் சி.என்.ஆர். எண் கேளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண் அது, எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். எண் தராவிட்டால் வழக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். முத்திரைத்தாளை வாலில் இருந்து படியுங்கள். இலவச சட்ட உதவிக்கு எண் 15100. இதே மாதிரி ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அடுத்த வாரம் புகார் கொடுக்கும்போது சேர்ந்தே கொடுக்கலாம்.