செக் திரும்பிய கதையும் கோர்ட் வளாகத்து இலவச சட்ட உதவியும்: 5-க்கு 4

வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு மொத்த வியாபாரி ஆறு மாதப் பாக்கிக்காக 68,400 ரூபாய்க்கு செக் கொடுத்தார். அது திரும்பிவிட்டது. கணக்கில் பணம் இல்லை என்று பேங்கில் ஒரு மெமோ கொடுத்தார்கள், போதாக்குறைக்கு என் கணக்கிலும் அபராதம் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் பார்த்து, ஆன்லைனில் வக்கீல் நோட்டீஸ் தயார் செய்து தருகிற ஒரு நிறுவனத்துக்கு 1,999 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். பதினோரு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. செக் நம்பரில் ஒரு இலக்கம் தப்பு. செக் தொகையோடு மன உளைச்சலுக்கு 25,000 சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கேட்டிருந்தார்கள். சரி, தபாலில் போட்டாச்சா என்று கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்கள் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். பெயர்ப் பலகை ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது, மூன்று பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். இலவசம் என்றால் பரம ஏழைகளுக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். 1987-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், அவ்வளவுதான். எனக்கு முன்னால் ஒரு அம்மா வாரிசுச் சான்றிதழ் கேட்டு உட்கார்ந்திருந்தார். அது தாலுகா அலுவலகத்து வேலை, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள் என்று அங்கிருந்த தன்னார்வலர் என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு ஒதுக்கிய வக்கீல் ஒரு நடுத்தர வயது அம்மா. செக்கை நீட்டினேன், அதைத் தொடவே இல்லை. "பேங்க் மெமோ எங்கேம்மா?" என்றார். மெமோ கைக்கு வந்த தேதியைக் கேட்டு அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, விரல் விட்டு எண்ணி, "பதினேழு நாள் போயிடுச்சு, இன்னும் பதிமூணுதான் இருக்கு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும், அது வியாபாரி கைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து பணம் கொடுக்க அவருக்கு 15 நாள், கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செக் திரும்புவதைக் குற்றமாக்குகிற 138-வது பிரிவு என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது மொத்தமும் இந்தத் தேதிக் கணக்கில்தான் நிற்கிறது. 1,999 வாங்கியவர்கள் இதில் ஒன்றைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

அந்த பிடிஎஃபைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். செக்கில் என்ன தொகையோ அதையே, ஒரு ரூபாய் கூடாமலும் குறையாமலும் கேட்க வேண்டுமாம். கண்டதையும் சேர்த்துக் கேட்டால் நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். புது நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. நான்காவது நாள் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு போனது. பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

கூடவே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. சரக்குப் போடுவதற்கு முன்பே பதிந்திருந்தால் 45 நாளுக்கு மேல் போன பாக்கிக்கு வட்டியோடு கேட்டு அரசு இணையதளத்திலேயே மனுப் போட்டிருக்கலாமாம். பதிவு இலவசம். அன்று சாயங்காலமே செய்துவிட்டேன், ஆனால் இந்தப் பாக்கிக்கு அது உதவாது.

குறையும் உண்டு. பகலில் போன் போட்டால் வக்கீலம்மா எடுக்கவே மாட்டார், கோர்ட் முடிந்து ஐந்து மணிக்கு மேல்தான் பேச முடியும். அலுவலகத்தில் கேட்டால் "வக்கீலையே கேளுங்க" என்பார்கள். ஒரு ஸ்டார் அதற்காகக் குறைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் வியாபாரியே கூப்பிட்டார். "என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தந்திருப்பேனே, வக்கீல் வரைக்கும் போகணுமா?" ஆறு மாதமாக நான் சொன்னதெல்லாம் வார்த்தை இல்லை போல. அன்றைக்கே 40,000 போட்டுவிட்டார், மீதி 28,400 தீபாவளி கழித்தாம். நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். வக்கீலம்மா காலண்டரைத் திருப்பி, புகார் கொடுக்க வேண்டிய ஒரு மாதம் தீபாவளிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று காட்டினார். புகார் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கெடுவுக்கு மூன்று நாள் முன்புவரை பார்ப்பார், பணம் வராவிட்டால் தாக்கல் செய்துவிடுவார்.