சைக்கிள் பயணம்: வாசிக்க இரண்டு நூல்கள், பார்க்க இரண்டு படங்கள்

சைக்கிள் பயண நூல்களில் ஒன்றை மட்டுமே வாசிக்க இயலும் என்பவருக்கு, அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி எழுதி 1965இல் வெளிவந்த ‘ஃபுல் டில்ட்’ நூலையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஐரோப்பாவைக் கடுங்குளிர் வாட்டிய 1963 ஜனவரியில் புறப்பட்டு, யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வரை தனியாக வந்த அவர், வழியில் எழுதிய நாட்குறிப்பையே நூலுக்கு அடிப்படையாக்கியதால், களைப்பும் வியப்பும் ஆறிப்போகாமல் பக்கங்களில் நிற்கின்றன. கரடுமுரடான சாலைகளில் கியர் தாக்குப்பிடிக்காது என்று கருதிப் புறப்படும் முன்பே அதைக் கழற்றிவிட்ட அவருடைய நடைமுறை அறிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்கானிய மக்களைப் பற்றிய பகுதிகளே நூலின் உச்சம். அச்சத்தை முன்வைக்காமல் மனிதர்களை அணுகும் அந்தப் பார்வை இன்றைய பயண எழுத்தில் அரிது.

1884இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸின் இரு தொகுதிகள் விவரச் செறிவு மிக்கவை. ஆனால் பிற நாட்டு மக்களைத் தாழ்வாக நோக்கும் அக்காலத்து மனப்போக்கு பல இடங்களில் உறுத்துகிறது.

படங்களில், பிரான்ஸின் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தின் 1976ஆம் ஆண்டுப் போட்டியைப் பதிவுசெய்த யோர்கன் லெத்தின் ‘எ சண்டே இன் ஹெல்’ ஆவணப்படத்தை முதலில் பாருங்கள். கல் பாவிய சாலைகளின் புழுதியையும் அதிர்வையும், வீரர்களோடு பழுதுபார்ப்பவர்களின் உழைப்பையும் அது பொறுமையாகக் காட்டுகிறது. கதைப்படம் வேண்டுவோருக்கு, திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்ற ‘பிரேக்கிங் அவே’ (1979) நிறைவளிக்கும்.