சென்னையில் தினசரி சைக்கிள்: கியரை விட மட்கார்டு முக்கியம்

சென்னை சமதரை ஊர். தி. நகரில் கிளம்பி பெசன்ட் நகர் வரை மிதித்தாலும் ஏற்றம் என்று வருவது மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். இந்த ஊருக்கு 21 கியர் எதற்கு? முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 26 அங்குலச் சக்கரம் உள்ள கியரில்லா சைக்கிள், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 18 கி.மீ. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற சாலையில் அதற்கு மேல் ஓட்ட வாய்ப்பே அரிது. கியர் வேண்டுமென்றால் பின்பக்கம் மட்டும் 7 இருக்கும் வண்டி போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: நின்ற பிறகு இந்த வகை கியர் மாறாது. சிக்னலை நெருங்கும்போதே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் பச்சை விழுந்ததும் பெடல் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

மலிவு விலை சைக்கிளில் வரும் முன் சஸ்பென்ஷனும் வீண் எடை. அந்தப் பணத்துக்கு முழு நீள மட்கார்டு, கேரியர், நல்ல பூட்டு மூன்றும் வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின் மட்கார்டு இல்லாவிட்டால் முதுகில் சேற்றுக் கோடு விழும். அதைத் துவைத்துவிடலாம். முன் மட்கார்டு இல்லாவிட்டால் மணல் கலந்த தண்ணீர் நேராக செயினிலும், பெடல் தண்டு சுழலும் கிராங்க் பால்ரஸிலும் போய் அடிக்கும்; செலவு வைப்பது அதுதான். மட்கார்டு குட்டையாக இருந்தால் பழைய ட்யூபில் ஒரு சாண் வெட்டி, அடி முனையில் நாக்கு மாதிரி தொங்கவிட்டு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள்.

ரிம் அலாய் (அலுமினியக் கலவை) ஆக இருப்பது நல்லது. குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ரிம்மில் உள்ள தண்ணீர் துடைபடும், அப்புறம்தான் பிடிக்கும். ‘கரகர’ என்று சத்தம் வந்தால் கட்டையில் மணலோ அலுமினியத் துணுக்கோ புதைந்திருக்கிறது. ஊசியால் கிளறி எடுங்கள், விட்டால் ரிம்மையே அறுத்துவிடும். கட்டையில் உள்ள வெட்டுக்கோடுகள் தேய்ந்து மறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டயர் 1.75 முதல் 1.95 அங்குல அகலம் இந்த ஊர்ச் சாலைக்குப் பொருத்தம். காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. 70 கிலோ ஆளுக்கு முன்னால் 45, பின்னால் 55 சரியாக வரும். பஞ்சராகாவிட்டாலும் ட்யூபில் காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்.

பஞ்சர் கடைக்காரர் ட்யூபை வெளியே எடுத்ததும் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். டயரைத் தொடும் வெளிப்பக்கம் என்றால் முள், ஆணி, கம்பித் துண்டு. அதைப் பிடுங்காமல் ஒட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கும். டயரின் உள்ளே துணியை ஓட்டிப் பார்த்தால் நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கியபோது ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் என்றால், ஸ்போக்ஸ் முனைகளை மூடும் நாடாவான ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. பேட்ச் ஒட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, அவசரம். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் (ரப்பர் பசை) தடவி, அது பளபளப்புப் போய் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்திலேயே வைத்தால் பிறகு ஓரம் பிரியும்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். கண்ணிகளை இணைக்கும் ஆணி ஒன்றின் நடுவில் வைத்து அளந்தால், புதுச் செயினில் 24 கண்ணி தள்ளியுள்ள ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டினால் மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தாண்டும் வரை இழுத்தால், பின் சக்கரத்தில் செயின் மாட்டும் ஃப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். எண்ணெய் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெயில் தூசி சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர்வாசிகளுக்குக் கூடுதல் வேலை உண்டு. உப்புக் காற்றில் ஓடும் சைக்கிளை விட நிற்கும் சைக்கிள்தான் சீக்கிரம் கெடும். சீட் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவி கிரீஸ் தடவாவிட்டால், இரும்புச் சட்டத்துக்குள் அலாய் கம்பி இறுகிப்போய்விடும். பிறகு சுத்தியலுக்கும் அசையாது.

கடற்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும். மாலையில் கடற்கரைக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளும். சாலையில் நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது. தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரமாகப் போனால் திறந்த கால்வாயில் சக்கரம் இறங்கும். முன்னால் போன வண்டியின் தடத்தைப் பிடித்துப் போவதுதான் வழி.

பூங்காவுக்குச் சைக்கிளில் போவது சுகம், நிறுத்துவதுதான் சிக்கல். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, தி. நகர் பனகல் பூங்கா போன்றவை நடப்பவர்களுக்கானவை. வண்டியை வெளியே விட வேண்டும். அண்ணா நகரில் 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடிக் கோபுரம் உள்ள பூங்காவும் அப்படித்தான். ஒயர் பூட்டைக் கட்டிங் பிளேயரே வெட்டிவிடும். யு வடிவப் பூட்டு வாங்கி, பின் சக்கரம், சட்டம், பூங்காவின் கம்பி வேலி மூன்றையும் சேர்த்து மாட்டுங்கள். சீட்டை நெம்பித் திறக்கும் கிளாம்ப் இருந்தால் அதை போல்ட்டாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சீட் மட்டும் தனியாகப் போய்விடும். மாலையில் மரத்தடியில் நிறுத்தினால், காக்கை அடையும் நேரம் என்பதால், சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிட்டுப் போங்கள்.