தருமபுரி ஸ்கேன் சென்டர்: மகளின் குடல்வால் வலிக்காகப் போனது

நாங்கள் பாலக்கோடு. என் மகளுக்கு 14 வயது. இந்த ஸ்கேன் சென்டரில் எடுத்தது அவளுக்கு இரண்டாவது ஸ்கேன். முதல் நாள் வேறொரு இடத்தில் எடுத்தோம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, 'குடல்வால் தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரி, ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். விடிவதற்குள் தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. தருமபுரி வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இங்கே பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஜெல் தடவும் முன்பே, "வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டு கண்ணு" என்றார். அங்கிருந்தே தொடங்கினார். வயிற்றில் வைத்துப் பார்க்கும் வழக்கமான வளைந்த கருவியை (புரோப்) ஓரமாக வைத்துவிட்டு, முனை தட்டையான இன்னொன்றை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். அழுத்தும்போது குடலில் இருக்கும் காற்று விலகும், நல்ல குடல்வால் அமுங்கிவிடும், வீங்கியது அமுங்காது என்று எனக்கும் விளக்கினார். பத்து நிமிடத்துக்கு மேல் தேடினார். கடைசியில் ஒரு முனை மூடிய குழாய் மாதிரி திரையில் வந்தது. எவ்வளவு அழுத்தியும் அப்படியே நின்றது. அளந்தால் 9 மில்லிமீட்டர். 6-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். சினைப்பையையும் விடாமல் பார்த்தார். அது முறுக்கிக்கொண்டாலும் இதே இடத்தில் வலிக்குமாம்.

முதல் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "தென்படலைன்னா வியாதி இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. வலி குறையலைன்னா திரும்பப் பார்க்கணும், தேவைப்பட்டா சி.டி. எடுக்கணும்" என்றார். இந்த ஒரு வார்த்தையை முதல் இடத்தில் சொல்லியிருந்தால் என் பிள்ளை ஒரு ராத்திரி துடித்திருக்க மாட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறை என்றால் உட்கார இடம் போதாது. குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை என்ற பலகைக்குக் கீழே மாசமான பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர்தான் தன் டோக்கனை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு ஜிபே எடுக்கவில்லை, கையில் பணம் கொண்டுபோங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும்.

ரிப்போர்ட் உடனே கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். குடல்வால் வெடிக்கவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள்.