தமிழ் உரைத் தேடலுக்கு எது: போஸ்ட்கிரெஸ், மெய்லிசெர்ச், எலாஸ்டிக்செர்ச்

தளத்துக்குள் தேடல் வசதி வைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உள்ளடக்கம் தமிழென்றால் முதல் கேள்வி வேறு: ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வருமா? ‘வீடு’ என்றால் ‘வீட்டுக்கு’ வருமா?

போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம், மற்ற இரண்டும் தனித் தேடல் பொறிகள். எதுவானாலும் முதல் வேலை யூனிகோட் சீராக்கம், அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறிவரிசையில் வைப்பது. ‘கொ’வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலில் பொருந்தாது. சேமிக்கும் உரை, தேடும் சொல் இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் என்எஃப்சி உதவாது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது, ‘ஒளி’ சிதைந்துவிடும்.

தரவு ஏற்கெனவே போஸ்ட்கிரெஸில் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். விகுதிகளை வெட்டிச் சொல்லைச் சுருக்கும் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் 12ஆம் பதிப்பிலிருந்து உடன் வருகிறது. 13இல் யூனிகோட் சீராக்கச் சார்பும் சேர்ந்தது. பிரித்த சொற்களை வைக்கும் டிஎஸ்வெக்டர் நெடுவரிசை ஒன்று, அதன்மேல் விரைவாகத் தேட உதவும் ஜின் குறியீடு (இண்டெக்ஸ்) ஒன்று, அவ்வளவுதான். தேடலில் விட்டுவிட வேண்டிய பொதுச் சொற்களின் பட்டியல், அதாவது நிறுத்தச்சொல் பட்டியல், தமிழுக்கு உடன் வராது. ‘ஒரு’, ‘என்று’ எல்லாம் குறியீட்டில் ஏறும், பட்டியலை நீங்களே தர வேண்டும். உங்கள் உரையில் அடிக்கடி வரும் 200 சொற்களைப் பிரிப்பானில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எழுத்துப்பிழையை முழு உரைத் தேடல் பொறுக்காது.

அதைப் பொறுப்பது மெய்லிசெர்ச். தட்டத் தட்ட முடிவு காட்டும், நிறுவுவது எளிது. பொருள் பெயர், ஊர்ப்பெயர், ஆள் பெயருக்கு என் தேர்வு இதுதான். கட்டுரைக்கு அல்ல. முன்னொட்டுப் பொருத்தத்தால் ‘சென்னை’ என்று தட்டினால் ‘சென்னையில்’ கிடைக்கும். ஆனால் தேடலின் கடைசிச் சொல்லுக்கு மட்டுமே அந்தச் சலுகை. ‘சென்னை மழை’ என்றால் ‘சென்னை’க்கு அது இல்லை. பிழை பொறுத்தலிலும் சிக்கல் உண்டு. இயல்பாக 5 எழுத்திலிருந்து ஒரு பிழை, 9இலிருந்து இரண்டு. இது நம் கண் எண்ணும் எழுத்தல்ல. நமக்கு மூன்றெழுத்தான ‘பாடம்’ யூனிகோடில் 5 குறிகள். ‘பாலம்’, ‘பானம்’ எல்லாம் அதனுடன் கூடவே வரும். இப்படிக் கலந்துவிடும் புலத்துக்குப் பிழை பொறுத்தலை அணைத்துவிடலாம். உலாவிக்குத் தேட மட்டும் உரிமையுள்ள தேடல் சாவியைக் கொடுங்கள், எல்லா உரிமையும் உள்ள முதன்மைச் சாவியை அல்ல.

எலாஸ்டிக்செர்ச்சின் உள்ளமைந்த மொழிப் பகுப்பான்களில் இந்தி, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் விதிகளை நீங்களே எழுதலாம். பெரிய ஆவணக் காப்பகத்துக்கு இதன் பலமே அதுதான். யூனிகோட் சீராக்கம் செய்யும் ஐசியு செருகியைப் போட்டு, ‘த்தில்’ என்று முடிவதை ‘ம்’ ஆக்கும் வடிகட்டி ஒன்று வையுங்கள்: ‘மரத்தில்’ ‘மரம்’ ஆகிவிடும். அதே விதி ‘கழுத்தில்’ என்பதைக் ‘கழும்’ ஆக்கும், ‘எழுத்தில்’ என்பதை ‘எழும்’ ஆக்கும். ஆகவே விதிவிலக்குப் பட்டியல் வடிகட்டி முன்னால் நிற்க வேண்டும். அது ‘கழுத்து’ என்று மாற்றிவிட்டால் அடுத்த விதி தொடாது. விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் முழுக் குறியீட்டையும் மறுபடி கட்ட வேண்டும்.

பராமரிப்பும் கூடுதல். எலாஸ்டிக்செர்ச் ஓடும் ஜாவாவின் நினைவகப் பங்கான ஹீப்புக்கு, கணினி நினைவகத்தில் பாதிக்கு மேல் தரக்கூடாது. வட்டு 95% நிரம்பினால் எழுதுவது தடைபடும். தேடல் வழக்கம்போல ஓடுவதால், புதிய ஆவணங்கள் சேராமல் போவது யாருக்கும் உடனே தெரியாது. 85%இலேயே எச்சரிக்கை வையுங்கள்.