ஒரு மானிட்டர், மூன்று கணினி: கேவிஎம் பெட்டியா, யுஎஸ்பி ஸ்விட்சா, மென்பொருளா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மேசைக்கணினிகள் விண்டோஸ் 11-க்கு முறையாக ஏற முடியாமல் பல வீடுகளில் மிச்சமாகிவிட்டன. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் காயலான் கடைக்குத் தள்ள மனம் வராதவர்கள் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டார்கள். என் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் அலுவலகம் கொடுத்த விண்டோஸ் மடிக்கணினி. ஒலித் தொகுப்பு வேலைக்கு ஒரு மேக் மினி. மானிட்டர் ஒன்றுதான். மூன்று விசைப்பலகைகளைப் பரப்பி வைத்தால் காப்பி டம்ளருக்கு இடமில்லை. ஒரே விசைப்பலகை, மவுஸ், மானிட்டரை மூன்று கணினிக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த ஒரு வழி வேண்டும்.

இணையத்தில் இதற்கான ஒப்பீடுகள் பெரும்பாலும் விலையில் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால், மூன்றில் எது நம்முடையது இல்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அலுவலக மடிக்கணினியில் நிர்வாகி உரிமை கிடையாது. விருப்பப்பட்ட மென்பொருளை நிறுவ முடியாது. நிறுவ முடிந்தாலும் விசை அழுத்தங்களை வலையமைப்பில் அனுப்பும் ஒரு நிரலைப் பாதுகாப்புப் பிரிவினர் பார்த்தால் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும். ஆகவே பாதி வழிகள் தொடக்கத்திலேயே அடைபட்டுப் போகின்றன.

கேவிஎம் பெட்டி

விசைப்பலகை, காட்சி, மவுஸ் மூன்றையும் ஒரே பொத்தானில் மாற்றும் பெட்டி இது. எந்த இயங்குதளம் என்று இது கேட்பதில்லை. கணினி உயிர் பெறும்போது வரும் பயாஸ் திரையிலும் வேலை செய்யும். அலுவலகக் கணினியின் கண்ணுக்கு இது சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை மட்டுமே.

சிக்கலெல்லாம் காட்சியில்தான். 4கே திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்க எச்டிஎம்ஐ 2.0 தரம், அதாவது விநாடிக்கு 18 கிகாபிட் வேகம் வேண்டும். அட்டையில் கொட்டை எழுத்தில் ‘4கே’ என்று போட்டுவிட்டு உள்ளே 30 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 30 முறை மட்டும் தரும் மலிவுப் பெட்டிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. 30 ஹெர்ட்ஸில் மவுஸ் குறி இழுத்து இழுத்து நகரும். ஒரு மணி நேரத்தில் கண் வலித்துவிடும்.

இரண்டாவது தொல்லை இன்னும் நுட்பமானது. பொத்தானை அழுத்தியதும் திரை கறுத்து இரண்டு, மூன்று விநாடி கழித்து அடுத்த கணினி வரும். அந்த இடைவெளியில் மடிக்கணினி ‘மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று முடிவு செய்து, பெரிய திரையில் அடுக்கி வைத்திருந்த சன்னல்களையெல்லாம் தன் சின்னத் திரைக்குள் வாரிப் போட்டுக்கொள்ளும். திரும்பி வந்தால் எது எங்கே என்று தேட வேண்டும். மானிட்டர் தன் திறனைக் கணினிக்குச் சொல்லும் ஈடிஐடி தகவலைப் பெட்டியே தொடர்ந்து நடித்துக் காட்டினால் இது நடக்காது. அந்த வசதி உள்ளவை விலை கூடியவை. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கடைக்காரருக்குப் பதில் தெரிவதில்லை என்பது வேறு கதை.

யுஎஸ்பி ஸ்விட்ச்

கேவிஎம்மிலிருந்து காட்சியை மட்டும் கழித்துவிட்டால் கிடைப்பது இந்தச் சின்னப் பெட்டி. மூன்று கணினிகளிலிருந்தும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கம்பிகள் நேராக மானிட்டருக்குப் போகும்; விசைப்பலகையும் மவுஸும் மட்டும் ஸ்விட்ச் வழியாக. காட்சித் தரம் துளியும் குறையாது. கம்பி நேரடியாக இருப்பதால் பல மானிட்டர்களில் சன்னல்கள் சிதறுவதும் குறையும்.

கையை இரண்டு முறை நீட்ட வேண்டும் என்பதே இதன் குறை: ஸ்விட்ச் ஒன்று, மானிட்டரின் உள்ளீட்டுப் பொத்தான் ஒன்று. பின்பக்கம் ஒளிந்திருக்கும் அந்தக் குமிழைத் தடவித் தேடி, பட்டியலில் இறங்கி, தவறிப்போய்ப் பிரகாசத்தைக் குறைத்துவிடும் அனுபவம் பலருக்கும் இருக்கும். இதற்கு மாற்று உண்டு. டிடிசி/சிஐ என்ற ஏற்பாட்டின்படி, காட்சிக் கம்பி வழியாகவே கணினி மானிட்டருக்குக் கட்டளையிட முடியும். லினக்ஸில் டிடிசியூட்டில் என்ற சிறு நிரல் இதைச் செய்கிறது. விசைப்பலகை லினக்ஸ் கணினிக்கு வந்ததும் ‘உள்ளீட்டை என் பக்கம் திருப்பு’ என்று தானாகச் சொல்லும்படி அமைத்துவிடலாம். தற்போது காட்டிக்கொண்டிருக்கும் கணினியின் பேச்சை மட்டுமே கேட்கும் மானிட்டர்களும் உண்டு. அவற்றில் இந்த வித்தை ஒருவழிப் பாதைதான்.

கேவிஎம் உள்ளேயே அடங்கிய யுஎஸ்பி-சி மானிட்டர்களும் வருகின்றன. படம், தரவு, மடிக்கணினிக்கு மின்னேற்றம் எல்லாம் ஒரே கம்பியில். இரண்டு கணினி உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் அதில் இடமில்லை.

மென்பொருள் வழி

மவுஸ் குறி ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த கணினியின் திரைக்குள் நுழைவதை முதன்முறை பார்ப்பவர் அசந்துபோவார். நகலெடுத்த வரியும் கூடவே போகும். ஆப்பிளின் யுனிவர்சல் கன்ட்ரோல் 2022 மார்ச்சில் மேக்ஓஎஸ் 12.3-உடன் வந்தது, மேக்கும் ஐபேடும் மட்டும். மைக்ரோசாஃப்டின் மவுஸ் விதவுட் பார்டர்ஸ் நான்கு கணினிகள் வரை இணைக்கும், விண்டோஸுக்குள் மட்டும். மூன்று இயங்குதளங்களையும் சேர்க்க 2001-இல் தொடங்கிய சினர்ஜி என்ற நிரலின் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும். அதிலிருந்து பாரியர் கிளைத்தது. பாரியர் தூங்கிப்போன பிறகு இன்புட் லீப் வந்தது. சினர்ஜியின் திறமூலப் பகுதி இப்போது டெஸ்க்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கிறது. பழைய கட்டுரைகளை நம்பிப் பாரியரை நிறுவ வேண்டாம்.

ஆனால் இந்த வழிக்கு ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனித் திரை வேண்டும். என் மேசையில் சொந்தத் திரை உள்ளது அலுவலக மடிக்கணினி ஒன்றுதான். அதில்தான் எதையும் நிறுவ முடியாது!

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. பெட்டி வழியாக மாற்றினால் அழுத்திய விசையின் எண் அப்படியே போய்ச் சேரும். அந்தந்தக் கணினி தன் தமிழ்99-ஐக் கொண்டு அதை எழுத்தாக்கிக்கொள்ளும். சினர்ஜி குடும்பமோ விசையை முதல் கணினியிலேயே எழுத்தாக மாற்றி அனுப்பும் வழக்கமுடையது. ‘அ’ என்ற எழுத்தாக வந்து சேர்வதை அடுத்த கணினி தன் அமைப்பில் தேடும். கிடைக்காவிட்டால் விழித்துக்கொண்டு நிற்கும். முதல் கணினியை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு அடுத்ததில் மட்டும் தமிழுக்கு மாறினாலும் எல்லா நேரமும் சரிவரும் என்று சொல்வதற்கில்லை. நாள் முழுக்கத் தமிழில் எழுதுபவருக்கு இந்த ஒரு காரணமே பெட்டிப் பக்கம் சாயப் போதும்.

மற்றவை

கணினிக்கு ஒன்றாக மூன்று பொத்தான் வைத்த புளூடூத் விசைப்பலகைகள் அழகானவை. மவுஸைத் தனியாகக் கவிழ்த்து அதன் வயிற்றில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எரிச்சல். வட்டை மறையாக்கம் செய்த லினக்ஸ் கணினி, தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல்லை புளூடூத்தில் பொதுவாக ஏற்காது. மேசை இழுப்பறையில் கம்பி வைத்த பழைய விசைப்பலகை ஒன்று இருக்கட்டும்.

ஒரு கணினியின் திரையை வலையமைப்பு வழியாக இன்னொன்றில் திறக்கும் தொலைமேசை இணைப்பு எழுத்து வேலைக்குப் போதும். ஒலித் தொகுப்புக்கு உதவாது. விண்டோஸ் ஹோம் பதிப்பு, தன்னிடம் உள்ள தொலைமேசை வசதி வழியாக வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது, புரோ வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைப்பவர்களின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

என் மேசையில் கடைசியில் நிலைத்தது யுஎஸ்பி ஸ்விட்சும் மானிட்டரின் மூன்று உள்ளீடுகளும்தான். மேக்கில் விண்டோஸ் விசையே கமாண்டு. ஆல்ட் விசையே ஆப்ஷன். ஆப்பிள் விசைப்பலகையில் இவற்றின் இடம் நேர்மாறு என்பதால், பழகிய விரல் தடுமாறும். மேக்கின் அமைப்புகளில் அந்த ஒரு விசைப்பலகைக்கு மட்டும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். கோப்புகளுக்கு லினக்ஸுக்கும் மேக்குக்கும் இடையே சிங்திங் என்ற ஒத்திசைவு நிரல் ஓடுகிறது. கையில் எடுத்துப்போகும் வட்டை மூன்று இயங்குதளங்களும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவில் வைத்திருக்கிறேன். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவிலுள்ள வட்டை மேக் வாசிக்கும், தானாக எழுதாது. அலுவலகக் கோப்புகள் எதுவும் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை.